கழுத்தில் இருந்தது தேயிலைத் தூசி இல்லை

தர்ஷினி, உன் கழுத்தில் இருக்கிற கறுப்பு அழுக்கு இல்லை. முதல் வரியிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மற்றதை நீ மெதுவாகப் படிக்கலாம். தம்பி கவினுக்கு இப்போது எட்டு வயதுதான். அவன் பெரியவனானதும் படிக்கட்டும்.

அப்பாவுக்கு எழுதிப் பழக்கமில்லை. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், தானா ராத்தா டவுன் பள்ளியில் மூன்று வருடம், அதற்குப் பிறகு தேயிலை பேக்டரி. வாயால் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. உன் அம்மா வேறு பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதனால் உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சம் இருந்த தாள்களில் எழுதுகிறேன். எனக்கு வந்தது என்ன, அது உனக்கும் வந்தே தீருமா என்பது உனக்குத் தெரிய வேண்டும். சில விஷயங்கள் உனக்குத் தெரிந்தவைதான். தம்பிக்காக அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது தூள் சலிக்கும் பகுதியில். காய்ந்த தேயிலையை மெஷின் ஆட்டி ஆட்டிப் பெரிசு, சிறிசு என்று பிரிக்கும். அந்த அறையில் எப்போதும் பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஒன்று மிதந்துகொண்டே இருக்கும். புருவத்தில் உட்காரும், மூக்குக்குள் போகும், கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். என் கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்து வெல்வெட் துணி மாதிரி ஆனபோது, அது அந்தத் தூசிதான் என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கூட வேலை செய்கிற குமார் மாமா சொல்வான்:

"டேய், ஒன் கழுத்தச் சொரண்டுனா ஒரு பாக்கெட் தூள் தேறும்டா. கணக்கெழுதுற கிராணிகிட்டச் சொல்லி எடை போட்டுருவோம்."

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். குமார் மாமா கழுத்தில் இருந்தது சோப்புப் போட்டால் போய்விடும். என் கழுத்தில் இருந்தது போகாது. இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்கிறோம். அந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்பு தொட்டுத் தேய்ப்பாள். எங்கள் பக்கம் கொழுந்து எடுக்கிற பெண்கள் கைக்கறையைப் போக்க அப்படித்தான் தேய்ப்பார்கள். கைக்கறை போகும். எனக்குத் தோல்தான் எரியும். மறுநாள் அது அப்படியே இருக்கும்.

அந்த வருடங்களில்தான் என் உடம்பும் பெருத்தது. முன்பு மூட்டை தூக்கினேன். மெஷினுக்கு மாற்றிய பிறகு எட்டு மணி நேரமும் ஒரே இடத்தில் நிற்பேன். பேக்டரியில் தூளுக்குப் பஞ்சமில்லை. டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. ஓட்டி போட்டுக் கூடுதல் நேரம் நின்றால் இரவு எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாய். வயிறு முன்னால் வந்தபோது, வசதியாக இருக்கிறான் என்றுதான் லயத்து வீடுகளில் சொன்னார்கள். கால் பாதம் மரத்துப்போனபோது அதற்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. மலைக்குளிரில் ரப்பர் பூட்ஸ் போட்டு ஈரச் சிமெண்டில் நின்றால் யாருக்குத்தான் கால் மரத்துப்போகாது?

இப்படி, உடம்பு சொன்னதை எல்லாம் பேக்டரி மேலும் மலை மேலும் போட்டுவிட்டு இருந்தேன். எஸ்டேட் கிளினிக்கில் இலவசமாகச் சக்கரை பார்க்கிறார்கள் என்று இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை இருந்தது உண்மைதான். பயமும் இருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது வலது காலுறை ஈரமாக இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாதான் பார்த்தாள்.

"ஏங்க, ரத்தம்லா இது."

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினாள். மெஷினில் இருந்து கழன்ற ஸ்குரு ஒன்று அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் விரலில் உடனே குத்தியது. அவள் ஆ என்று கையை இழுத்துக்கொண்டாள். நான் அதன் மேல் எத்தனை மணி நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு நாளா, இரண்டு நாளா, அதுவும் தெரியாது. விரலைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

"ஒங்களுக்கு வலிக்கலயா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல செல்வி."

அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்தார்கள், விரலில் ஊசி குத்திச் சக்கரை பார்த்தார்கள், உடனே ஆம்புலன்சில் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரிங்லெட் தாண்டி மலைப்பாதை வளைவுகளில் இறங்கும்போது நான் வாந்தி எடுத்தேன். கூட வந்த மிஸி, மலாய்க்கார நர்ஸ், ஒரு கையால் என் நெற்றியையும் இன்னொரு கையால் பிளாஸ்டிக் பையையும் பிடித்துக்கொண்டே வந்தாள். அடிவாரத்துத் தாப்பா நெருங்க நெருங்கச் சூடு ஏறியது. மலையில் போட்ட சுவெட்டரை அங்கே கழற்றினேன். பிறகு ஐந்து வாரம் அதைப் போடவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் வைத்தியம் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் காத்திருப்பதுதான். எக்ஸ்ரே அறைக்கு வெளியே சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். அவரவர் மடியில் அவரவர் பைல். யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்பதில்லை. காலில் சுற்றிய கட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தது சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க. ஒரு கருவியைக் காலில் வைத்து ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்கள். இடது காலில் ஆறு மாதிரி சத்தம் வந்தது. வலது காலில் குழாய் சொட்டுகிற மாதிரி வந்தது. அதைச் செய்தவர் திரும்பவும் ஒரு தடவை வைத்துக் கேட்டார். ரத்தத்தில் ஒரு சோதனை, அதில் கடந்த மூன்று மாதம் சக்கரை எப்படி இருந்தது என்று தெரியுமாம். அன்றைக்கு மட்டும் பட்டினி இருந்து ஏமாற்ற முடியாது. அதன் முடிவையும் என் காலையும் பார்த்துவிட்டு டாக்டர், "அண்ணே, இது நேத்து வந்ததில்ல. அஞ்சாறு வருசமா இருந்திருக்கு" என்றார்.

அந்த டாக்டர் நளினியை உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடி போட்ட, சின்ன வயசுக்காரம்மா. ஊர் கிள்ளான் பக்கம். காலையில் ரவுண்டு வரும்போது அவருக்கு நேரம் இருக்காது. மத்தியானம் ஒருநாள் தானாகவே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். நான் தலையணைமேல் துண்டைப் போட்டுப் படுத்திருந்தேன்.

"ஏண்ணே துண்டு?"

"தலகாணி அழுக்காயிரும் டாக்டரம்மா. கழுத்துல பேக்டரி தூசி. எவ்வளவு தேச்சாலும் போவாது."

அவர் என்னைக் கொஞ்சம் திரும்பிப் படுக்கச் சொன்னார். பிறகு கையுறை போடாத விரலால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, இது தூசி இல்ல. இது தோலு. ஒங்க உடம்பு ஒங்களுக்கு எழுதுன லெட்டர். அஞ்சாறு வருசமா யாரும் பிரிச்சுப் படிக்கல."

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நீ கவனமாகப் படி.

நாம் சாப்பிடுவதில் இருந்து ரத்தத்துக்குச் சக்கரை வருகிறது. அது உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் போனால்தான் நமக்குத் தெம்பு. உள்ளே விடச் சொல்லிக் கதவைத் தட்டுவது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இன்சுலினை அனுப்புகிறது. இதுவரைக்கும் சரி. கொழுப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன்.

"கொழுப்புன்னா என்னான்னு நெனைக்கிறீங்க?" என்றார்.

"மிச்சத்தச் சேத்து வைக்கிற எடம். ஸ்டோர் ரூம் மாதிரி."

"பாதி சரி. ஆனா அந்த ஸ்டோரு சும்மா கெடக்காதுண்ணே. பேசிக்கிட்டே இருக்கும்."

கொழுப்பு பேசும் என்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். அது ரத்தத்தில் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அந்தச் சேதிகளில் சில, கொழுப்பினாலேயே ஆனவை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொழுப்புத் துணுக்குகள். லிப்பிட் என்று அதற்குப் பெயர். கொழுப்பு நல்லபடியாக இருக்கும்போது நல்ல சேதி போகும்: இன்சுலின் தட்டினால் கதவைத் திற என்று. அளவுக்கு மேல் அடைத்துவிட்டால் அந்தக் கொழுப்பு அணுக்கள் உப்பி, காற்றும் ரத்தமும் போதாமல், சிலது செத்தும் போகுமாம். அங்கே புண் மாதிரி ஓர் அழற்சி உண்டாகும். வெளியே வலிக்காது. அப்போது சேதி மாறிவிடும். இடம் கிடைக்காத கொழுப்பு வழிந்து, அது இருக்கக் கூடாத ஈரலுக்கும் சதைக்கும் போகும். அங்கே போய்ச் செரமைட் என்று ஒன்றாக மாறி, இன்சுலின் தட்டுகிற சத்தம் உள்ளே போகாமல் அடைத்துவிடும்.

எனக்கு உடனே பேக்டரி மேல்மாடிதான் கண்ணுக்கு வந்தது. பச்சை இலையை வாட்டுகிற நீளத் தொட்டிகள் அங்கே இருக்கின்றன. அடியில் இருந்து காற்று அடிக்கும். அளவாகப் பரப்பினால் இலை பதமாக வாடும். லாரி அதிகமாக வந்துவிட்டது என்று ஒரே தொட்டியில் கொட்டினால் அடி இலைக்குக் காற்றுப் போகாது. கையை விட்டால் சுடும். இலை சிவந்து புளிப்பு நாற்றம் எடுக்கும்.

"அடியில சூடேறி நாறிப்போற மாதிரியா டாக்டரம்மா? அந்த எலையக் கீழ அனுப்புனா நல்ல எலையும் கெட்டுரும்."

"அதேதாண்ணே. நான் அஞ்சு வருசம் படிச்சத நீங்க ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க."

கதவு திறக்கவில்லை என்றால் கணையம் சும்மா இருக்காதாம். காது கேட்காதவரிடம் நாம் கத்துகிற மாதிரி, மேலும் மேலும் இன்சுலினை அனுப்பும். அவ்வளவு இன்சுலின் ரத்தத்தில் சுற்றும்போது கழுத்திலும் அக்குளிலும் இருக்கிற தோல், வளரச் சொல்கிறார்கள் போல என்று தப்பாக நினைத்துத் தடித்துக் கறுக்கும். என் கழுத்தில் இருந்தது அதுதான். அதற்குப் பிறகுதான் கணையம் ஓய்ந்துபோய்ச் சக்கரை ஏறியது. ஏறிய சக்கரை நரம்பைத் தின்றது, ரத்தக் குழாயைத் தின்றது. ஸ்குரு குத்தியது எனக்குத் தெரியாமல் போனது.

குளிரில் எரிகிற பழுப்புக் கொழுப்பு என்று ஒன்றும் இருக்கிறதாம். பெரியவர்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் அது நல்ல சேதி அனுப்புமாம்.

"அப்ப மலையில இருக்குற நாங்க எல்லாம் மெலிஞ்சுல்ல இருக்கணும்?"

"நீங்கதான் ரெண்டு சுவெட்டரப் போட்டுக்கிட்டு டின் பால் தண்ணி குடிக்கிறீங்களே. அது பாவம், எப்ப எரியும்?"

நான் சிரித்தேன். பிறகு கேட்டேன், எல்லாம் என் வாய் செய்த வினைதானா என்று. அவர் இல்லை என்றார். நம் ஆட்களுக்குத் தோலுக்கு அடியில் சேர்த்துவைக்கிற இடம் குறைவு, கொஞ்சம் கூடினாலே வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய் உட்கார்ந்துவிடும், அது பிறப்பிலேயே வருவது என்றார். "சாப்பாடும் காரணம், ஒடம்பு வாகும் காரணம், வேலை மாறுனதும் காரணம். ஆளத் திட்டிப் பிரயோசனம் இல்லண்ணே." அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். குமார் மாமா தன் காரில் கூட்டிவந்தான். அம்மா பிளாஸ்கில் ரசமும் ஒரு டப்பாவில் கீரையும் கொண்டுவந்தாள். தம்பி கட்டிலை ஏற்றி இறக்குகிற கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நீ கால்மாட்டில் நின்றாய். கீழ்நாட்டுச் சூட்டில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, நீ மட்டும் தலைமூடி வைத்த தடித்த சுவெட்டர் போட்டிருந்தாய். நெற்றியில் வியர்வை வழிந்தது. கழற்று என்று அம்மா சொன்னாள். நீ தலையை ஆட்டினாய். அப்போது தம்பி எதையோ கீழே போட, நீ குனிந்து எடுத்தாய். பக்கத்துக் கட்டிலில் நின்ற டாக்டர் நளினி உன் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

அவர் உன் உயரத்துக்குக் குனிந்து, "தங்கச்சி, இது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க" என்றார். அங்கே தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. "யாரு தேச்சது?"

நீ டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"நான்தான்" என்றேன்.

தம்பிக்காக இதை எழுதுகிறேன், அவனுக்குத் தெரியாது. போன வருடம் பள்ளிக்குப் புறப்படும்போது உன் வெள்ளைச் சட்டைக் காலருக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. தூசியில் நிற்கிற எனக்கு இருக்கலாம், வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எப்படி வரும், சோம்பேறி, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று கத்தினேன். குழாயடிக்குக் கூட்டிப்போய் எலுமிச்சையும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். நீ அழவில்லை. தண்ணீரில் சிவப்பு ஓடியபோது நானே நிறுத்தினேன். மறுவாரம் பிரிஞ்சாங் கடையில் தேய்க்கிற புருசு ஒன்று வாங்கிவந்து, இனிமேல் நீயே தேய்த்துக்கொள் என்று கொடுத்தேன். நீ ஒரு வருடம் தினமும் தேய்த்திருக்கிறாய். போகாத ஒன்றைப் போகவில்லையே என்று உன்னையே திட்டிக்கொண்டு தேய்த்திருக்கிறாய். பிறகு என் காலை வெட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு வேதனை இல்லை. இதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை தர்ஷினி. கேட்கிறேன்.

மலைக்குப் போனதும் உனக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "இதே கழுத்துதான், அப்பாவுக்கு வந்த மாதிரிதான்" என்று அவர் அம்மாவிடம் சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. உனக்கு இப்போதே பார்த்தால் தடுக்கலாம் என்று அதற்குப் பிறகு அவர் சொன்னது விழவில்லை. தம்பி கட்டிலை மேலே ஏற்றி, நான் கத்தி, எல்லோரும் அவனைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

என் வலது காலில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்த மிஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே கருநீலம் ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் நிற்கும் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். அம்மா, "காலு போனா போவுது, எனக்கு ஆளு வேணும்" என்று பட்டென்று சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா பையில் இருந்து நகவெட்டியை எடுத்தாள். இடது கால் நகத்தை வெட்டினாள். பிறகு வலது பக்கம் வந்து, மிச்சம் இருந்த மூன்று விரலையும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போற காலுதான செல்வி."

"இன்னைக்கி ஒங்க காலுதான."

மூன்று நகத்தையும் மெதுவாக வெட்டினாள். அவள் கை படுவது எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் பயிர் போடுகிற சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். பெரியப்பா என்கிற மாதிரி அப்பேக் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஏற்கெனவே இடது கால் போயிருந்தது. காலை எடுத்த பிறகு நான் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது மலாயில் சொன்னார்: "நீ இடது, நான் வலது. இனிமே ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் பிரிச்சுக்குவோம்." சிரித்தால் தையல் இழுத்தது. அவர் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது என் கட்டில் கம்பியை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போனார்.

இல்லாத பாதம் அரிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நம்பவில்லை. உண்மையாகவே அரித்தது. இருந்தபோது ஸ்குரு குத்தியதுகூடத் தெரியாத பாதம், போன பிறகு அரிக்கிறது. அதை யாரிடம் சொல்வது?

வீட்டுக்கு வந்தேன். கக்கத்துக் கட்டையை ஊன்றி வாசல்படி ஏறப் பழகவே இரண்டு வாரம் ஆனது. இன்சுலின் ஊசியை அம்மா பார்க்காத மாதிரி நானே போட்டுக்கொள்வேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். நீ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாய், கட்டையை எடுத்துக் கொடுப்பாய். ஆனால் கால் இருந்த இடத்தைப் பார்க்க மாட்டாய். பிள்ளை பயப்படுகிறது என்று விட்டுவிட்டேன். நீ மெலிந்ததைப் பார்த்து, நல்லதுதானே என்றுகூட நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிச் சபைக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் நீ மயங்கி விழுந்துவிட்டாய் என்று டீச்சர் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று டீச்சர் கேட்டார். இரண்டு இட்டிலி என்று அம்மா சொன்னாள். கூடவே வந்த தம்பி கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டு,

"அத நான்தாம்மா சாப்ட்டேன்" என்றான்.

"நேத்து?"

"நேத்தும் நான்தான். தெனமும் அக்கா சோத்த எனக்குத்தான் போடுறா. சொன்னா பென்சில் பாக்ஸ் தர மாட்டேன்னுட்டா."

அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே உன்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் நளினி சொல்லியும் நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம், அந்த வாரமே தானா ராத்தாவில் உனக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்காக மறுவாரம் மறுபடியும் போனோம். அம்மா சீட்டுப் பதிய வரிசையில் நின்றாள், தம்பி அவள் கூடவே நின்றான். நானும் நீயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் கை கழுவுகிற படம் ஒட்டியிருந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"அப்பா."

"என்னாம்மா?"

"எனக்கு எந்தக் காலுப்பா?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் காலுன்னா?"

"வெட்டுறது. ஒங்களுக்கு வலது. எனக்கு எதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களா? இடதுன்னா பரவால்ல. சைக்கிள வலது காலாலதான் மொத மிதிப்பேன்."

நீ அழாமல் கேட்டாய். புது நோட்டுக்கு என்ன நிறத்தில் அட்டை போடுவது என்று கேட்கிற மாதிரி கேட்டாய். இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். இதைத் தள்ளிப்போடத்தான் சோற்றைத் தம்பி தட்டில் போட்டிருக்கிறாய். நான் பதில் சொல்வதற்குள் உன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே அந்த டாக்டர் சொன்னது இதுதான். சக்கரை வியாதி உனக்கு இன்னும் வரவில்லை. இன்சுலின் மட்டும் கூடுதலாக ஓடுகிறது. கணையம் கத்திக்கொண்டிருக்கிறது, ஆனால் ஓயவில்லை. பட்டினி கிடப்பது தப்பு, வளர்கிற பிள்ளை சாப்பிட வேண்டும். இனிப்புத் தண்ணியை நிறுத்தி, காய்கறியும் முட்டையும் மீனும் கூட்டி, தினமும் மூச்சு வாங்குகிற மாதிரி நடந்தோ ஓடியோ வந்தால் அந்தக் கெட்ட சேதி குறையும், கழுத்தும் மெல்ல வெளுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். திரும்பிவிடுமா என்று அம்மா கேட்டாள். நிறையப் பிள்ளைகளுக்குத் திரும்புகிறது என்றார். எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில், இப்போது எழுதுகிறேன். எந்தக் காலும் இல்லை. என் கழுத்தை அஞ்சாறு வருடம் யாரும் படிக்கவில்லை. உன்னுடையதைப் படித்துவிட்டார்கள். எனக்கும் உனக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா தோசை சுட்டாள். என்னால் தரையில் உட்கார முடியாது என்பதால், எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நீங்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். நீ ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாய். இன்னொன்று போடட்டுமா என்று அம்மா கேட்டாள். நீ அவளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். இத்தனை வருடமாக அந்த நேரத்தில் நான் உனக்குச் சொன்னது, போதும் எழுந்திரு என்பதுதான். எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். உறவுக்காரர்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

"சாப்புடும்மா" என்றேன்.

நீ நம்பாமல் அம்மாவைப் பார்த்தாய், தம்பியைப் பார்த்தாய். அவன் தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "எனக்கு வேணாம், நீயே சாப்புடு" என்றான். அதற்குப் பிறகுதான் நீ தோசையின் ஓரத்தைப் பிய்த்தாய்.